நார்வீஜியத்தில் முகமன்: சொல்லையும் மறுமொழியையும் சேர்த்தே பழகுங்கள்

நார்வேயில் யாரைப் பார்த்தாலும் ‘ஹெய்’ என்றால் போதும். காலையானாலும் நள்ளிரவானாலும், எதிரில் நிற்பது பள்ளிக் குழந்தையானாலும் அமைச்சரானாலும் அதே ‘ஹெய்’தான். இதைக் கற்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தடுமாற்றம் அடுத்த நொடியில் வரும். போன வாரம் விருந்தில் பார்த்தவர் ‘தக் ஃபொஷிஸ்த்’ என்பார். கல்லாவில் இருப்பவர் ‘ஹா என் ஃபீன் தாக்’ என்பார். இரண்டுக்கும் ஊரே அறிந்த மறுமொழி உண்டு. அது தெரியாதவர் சிரித்துவிட்டு நகர்வார்; பேச்சு அங்கேயே அறுந்துபோகும். அதனால் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒருவர் இதைச் சொன்னால் மற்றவர் அதைச் சொல்வார் என்று ஜோடி ஜோடியாகப் பழகுங்கள்.

முதலில் வாய்

நார்வீஜியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு: நமக்கு ஒரே க, ஒரே த, ஒரே ப. எனவே இப்படி வைத்துக்கொள்வோம். கீழே ‘கூ’ என்று வருவதெல்லாம் ‘குரு’வில் வரும் கு நீண்ட ஒலி. ‘கோர்’ என்பதிலும் அதே மெல்லிய க. ‘தாக்’, ‘தூ’, ‘தெ’, ‘தெய்’ ஆகியவற்றில் ‘தேவி’யின் த. ‘ப்ரா’, ‘பாரெ’, ‘பெக்கொம்மெ’ ஆகியவற்றில் ‘பாபு’வின் ப. ‘தக்’, ‘தூர்’, ‘தூசென்’, ‘தில்’ ஆகியவற்றில் மட்டும் ‘தங்கை’யின் வன்மையான த. இதைக் கலந்துவிட்டால் பொருளும் கலங்கும்.

ஆங்கிலம் வழியாக நார்வீஜியத்துக்கு வரும் தமிழர்கள் நன்றி சொல்லும்போது ‘டக்’ என்பது மிகப் பரவலான பிழை. ஆங்கிலத்தின் டி-யை ட என்றே எழுதிப் பழகிவிட்டோம் அல்லவா? நார்வீஜியத்தில் அந்த எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொட வேண்டும். அது நம் த. ஆகவே ‘தக்’.

அப்படியானால் ட எங்கே? ‘ர்’ என்ற ஒலிக்குப் பின்னால் த வந்தால், இரண்டும் சேர்ந்து ட ஆகிவிடும். ‘ர்’ரோடு ந சேர்ந்தால் ண. ‘ர்’ரோடு ல சேர்ந்தால் ள. ‘ர்’ரோடு ஸ சேர்ந்தால் ஷ. ‘கண்’ணோடு ‘நீர்’ சேர்ந்து ‘கண்ணீர்’ ஆவதைப் போன்ற புணர்ச்சிதான் இது. ‘எப்படி’ என்று கேட்கும் சொல்லை எழுத்தைப் பார்த்து வாசித்தால் ‘ஹ்வோர்தான்’ என்று வரும். ஆனால் சொல்வது ‘வுடன்’. நம் ‘உடன்’ முன்னால் ஒரு ‘வ்’, அவ்வளவுதான். அழுத்தம் முதல் அசையில். நார்வீஜிய மொழியின் பெயரே ‘நொஷ்க்’ என்று ஒலிக்கும். இந்தப் புணர்ச்சி இரு சொற்களுக்கு நடுவிலும் நடக்கும்: ‘ஃபொர்’ என்பதும் ‘சிஸ்த்’ என்பதும் அடுத்தடுத்து வந்தால் ‘ஃபொஷிஸ்த்’. ஐரோப்பியர் பலர் மாதக்கணக்கில் நாக்கை வளைத்துப் பழகும் இந்த ட, ண, ள நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ஆனால் இது ஒஸ்லோ, த்ரொந்ஹெய்ம், வடக்கு ஆகிய பகுதிகளின் வழக்கு. பெர்கன், ஸ்தவாங்கர் பக்கம் ‘ர்’ தொண்டையிலிருந்து வரும். அங்கே இந்தப் புணர்ச்சி கிடையாது.

உயிர் ஒலிகளில் குறில், நெடில் வேறுபாடு நம்மைப் போலவே உண்டு. எழுத்தில் மெய் இரட்டித்து வந்தால் அதற்கு முன்னுள்ள உயிர் குறில். வன்மையான த போட்டு ‘தக்’ என்றால் நன்றி. அதையே நீட்டித் ‘தாக்’ என்றால் கூரை. அடுத்தது, ஆங்கில ஓ எழுத்து பல சொற்களில் ‘ஊ’ என்று ஒலிக்கும். அதனால்தான் ‘நல்ல’ என்ற சொல் ‘கோத்’ ஆகாமல் ‘கூ’ ஆகிறது. கடைசி மெய் எழுத்தோடு சரி. நம் ‘ஓ’வுக்கு ஆங்கில ஏ எழுத்தின் தலையில் ஒரு சிறு வட்டம் போட்டிருப்பார்கள். ஓ எழுத்தைக் கோடு ஒன்று குறுக்கே வெட்டினால், ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் குவியுங்கள். ஒய் எழுத்தைக் கண்டால் ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டு உதட்டைக் குவியுங்கள். யூ எழுத்துக்கு இன்னும் இறுக்கமாகக் குவித்த, ‘ஊ’வுக்கும் ‘ஈ’க்கும் நடுவான ஒலி. கண்ணாடி முன் நின்று பார்த்தால் உதடு குவிகிறதா என்று தெரிந்துவிடும்.

‘ஹெய்’யின் உயிர் ஒலி ‘ஹாய்’யும் அல்ல, ‘ஹேய்’யும் அல்ல. பேச்சில் ‘பேங்க்’ என்று சொல்லும்போது வாய் அகலும் அல்லவா, அந்த ஒலியில் தொடங்கி ‘ய்’யில் முடியுங்கள். யெய் (நான்), தெய் (உன்னை), மெய் (என்னை) எல்லாவற்றிலும் இதே ஒலிதான்.

சந்திக்கும்போது

‘ஹெய்’ என்பதற்கு மறுமொழி ‘ஹெய்’. கொஞ்சம் உற்சாகம் வேண்டுமானால் ‘ஹெய் ஹெய்’. இதையே விடைபெறும்போதும் சொல்வார்கள் என்பதால், புறப்படும் ஒருவர் ‘ஹெய் ஹெய்’ என்றால் திரும்பி வந்துவிட்டாரோ என்று குழம்ப வேண்டாம்.

நேரத்தைச் சொல்லும் முகமன்களில் அன்றாடம் உயிரோடிருப்பது ‘கூ மோண்’. அலுவலகத்தில் காலையில் சொல்வது. பத்து மணிவாக்கில் ஓய்ந்துவிடும். ‘கூ தாக்’ பகலுக்குரியது, சற்று விறைப்பானது. வயதானவர்களிடமும் முறையான கூட்டங்களிலும் கேட்கலாம். ‘கூ க்வெல்’ மாலை ஆறு மணிக்கு மேல். ‘கூ நத்’ மட்டும் வணக்கம் அல்ல. படுக்கப் போகும் முன், அல்லது இரவு வெகுநேரம் கழித்துப் பிரியும்போது சொல்வது. இரவு எட்டு மணிக்கு விருந்து வீட்டின் கதவில் நின்று ‘கூ நத்’ என்றால், வந்தவர் வாசலோடு போகிறாரோ என்று நினைப்பார்கள்.

ஒஸ்லோவைச் சுற்றிய கிழக்குப் பகுதியில் வெறும் ‘மோண்’ என்பதைப் பிற்பகல் மூன்று மணிக்கும் கேட்கலாம். காலை என்ற பொருள் அதில் தேய்ந்துபோயிற்று. அது இன்னொரு ‘ஹெய்’, அவ்வளவே. ‘மோணா’ என்று நீட்டினால் போய்வருகிறேன்.

‘ஹலூ’ என்பது தொலைபேசிக்கும், ஆளில்லாத கடையில் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கூப்பிடவும். நேரில் ஒருவரைப் பார்த்து உரக்க ‘ஹலூ!’ என்றால் அதட்டலாகவும் கேட்கக்கூடும். உணவகத்தில் பணியாளரை அழைக்க ‘உன்ஷுல்’ (மன்னிக்கவும்) என்பதே சரி. தொலைபேசியை எடுக்கும்போது பலர் முதலில் தங்கள் பெயரைச் சொல்வார்கள்: ‘ஹெய், தெ எர் மாலா’ (மாலா பேசுகிறேன்).

நலம் கேட்பது

‘வுடன் கோர் தெ?’ (எப்படிப் போகிறது?) என்பதற்கு மறுமொழி ‘பாரெ ப்ரா, தக். மெ தெய்?’ (நலந்தான், நன்றி. உங்களுக்கு?) ‘தெ கோர் ஃபீன்த்’ என்றும் சொல்லலாம். ‘இக்கெ சோ வெஷ்த்’ என்று ஒருவர் சொன்னால், சொல்லுக்குச் சொல் பார்க்கும்போது ‘அவ்வளவு மோசமில்லை’. ஆனால் நார்வேக்காரர் வாயில் அது நல்ல நிலைமை. அனுதாபப்படத் தொடங்காதீர்கள்.

இந்தக் கேள்வியைத் தெரிந்தவர்களிடம் மட்டும் கேளுங்கள். கடைக்காரரிடமோ பேருந்து ஓட்டுநரிடமோ கேட்டால், இவருக்கு நம்மைத் தெரியுமோ என்று யோசிப்பார். ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வருபவர்கள் செய்யும் தவறு இது.

இன்னொன்று. பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் மூச்சை உள்ளே இழுத்தபடி ‘யா’ என்பார். அதிர்ச்சியடைந்ததுபோல் இருக்கும். அது வெறும் ‘ஆமாம்’தான். வடக்கிலும் த்ரொந்ஹெய்ம் வட்டாரத்திலும் அதிகம்.

நன்றியே முகமன்

நார்வேக்காரர்களின் உண்மையான நாகரிகம் ‘தக்’கில் இருக்கிறது. வணக்கத்தை விழுங்கிவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். உரிய ‘தக்’கை விட்டுவிட்டால் கவனிப்பார்கள்.

முதலில் ‘தக் ஃபொஷிஸ்த்’. கடைசியாகச் சந்தித்ததற்கு நன்றி என்று பொருள். ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தீர்கள், அல்லது சேர்ந்து மலையேறப் போனீர்கள், அல்லது ஒரு விழாவில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றால், அடுத்து எப்போது பார்த்தாலும், ஒரு மாதம் கழித்தானாலும், ‘ஹெய்’க்கு அடுத்தபடி வரவேண்டியது இதுவே. மறுமொழி ‘இ லீக்கெ மோத்தெ’ (உங்களுக்கும் அப்படியே) அல்லது ‘செல் தக்’ (உங்களுக்குத்தான் நன்றி). விருந்துக்கு அடுத்த நாளே குறுஞ்செய்தி அனுப்புவதானால் ‘தக் ஃபொர் இ கோர்’ (நேற்றைக்கு நன்றி). நம் ஊரில் விருந்து முடிந்து அன்றே பாராட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது. அங்கே அடுத்த சந்திப்புவரை பாக்கி நிற்கும். தினமும் பார்க்கும் சக ஊழியரிடம் இதைச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தால் மட்டும் திங்கட்கிழமை சொல்லுங்கள்.

சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போது சமைத்தவரைப் பார்த்து ‘தக் ஃபொர் மாத்தென்’ (உணவுக்கு நன்றி). அவர் ‘வெல் பெக்கொம்மெ’ என்பார். பெற்ற பிள்ளைகளும் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுவார்கள். ‘சாப்பாடு அருமை’ என்று நீங்கள் எவ்வளவு புகழ்ந்தாலும் இந்தச் சொல்லுக்கு அது ஈடாகாது.

வகுப்போ வேலையோ கூட்டமோ முடிந்தால் ‘தக் ஃபொர் இ தாக்’ (இன்றைக்கு நன்றி). மறுமொழியும் அதே. விருந்திலிருந்து கிளம்பும்போது ‘தக் ஃபொர் மெய்’. உதவி பெற்றால் ‘தக் ஃபொர் யெல்பென்’. சேர்ந்து நடந்து வந்தவர்களிடம் ‘தக் ஃபொர் தூரென்’. அச்சு ஒன்றுதான், கடைசிச் சொல்லை மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம்.

ஆனால் ஓரிடத்தில் நிறுத்துங்கள். ‘தக் ஃபொர் அல்த்’ (எல்லாவற்றுக்கும் நன்றி) என்று நீங்களாக உருவாக்கிவிடத் தோன்றும். நார்வேயின் கல்லறைக் கற்களில் பொறிப்பது அந்தத் தொடர்தான். ஊருக்குக் கிளம்பும் நண்பருக்கு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நிறைய உதவிய ஒருவருக்கு ‘தூசென் தக்’ (ஆயிரம் நன்றி) என்பதே போதும்.

உங்களுக்கு ஒருவர் நன்றி சொன்னால் ‘பாரெ ஹுகெலி’ என்று சொல்லுங்கள். முதலில் வரும் ‘ஹு’வில் உதடு குவிய வேண்டும், கடைசியில் எழுத்தில் நிற்கும் மெய் வாயில் வராது. ‘வெஷொகூ’ என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழும். பொருளைக் கையில் கொடுக்கும்போது ‘இந்தாருங்கள்’, மேசைக்கு அழைக்கும்போது ‘சாப்பிட வாருங்கள்’, கவுண்டரில் ‘அடுத்தவர் வரலாம்’ என்று மூன்று வேலைகள் அதற்கு.

கல்லாவில் அரை நிமிடம்

அன்றாடம் நடக்கும் முழு உரையாடல் இவ்வளவுதான். முதல் வரி கடைக்காரர், அடுத்தது நீங்கள்:

– ஹெய்.
– ஹெய்.
– பூசெ? (பை?)
– நெய் தக்.
– க்வித்தேரிங்? (ரசீது?)
– யா தக்.
– ஹா என் ஃபீன் தாக்! (நல்ல நாளாக அமையட்டும்)
– தக், இ லீக்கெ மோத்தெ!

இதில் கவனிக்க வேண்டியது ‘நெய்’. பை வேண்டாம் என்பதற்காக வெறும் ‘தக்’ என்று சொல்லிக் கையசைத்தால், சரி என்று பொருள்படும். பை வந்துவிடும், அதற்குக் காசும் வாங்கிவிடுவார்கள். கடைசி வரியை நன்றாக மனதில் பதியுங்கள். ‘இ லீக்கெ மோத்தெ’ தெரிந்தால் வாழ்த்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மறுமொழி கையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ‘ஹா என் ஃபீன் தாக்’ மறைந்து ‘கூ ஹெல்க்’ (நல்ல வாரயிறுதி) வந்துவிடும். சக ஊழியர், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சொல்வார்கள். இதைச் சொல்லாமல் அலுவலகத்திலிருந்து நழுவுவது அழகல்ல.

விடைபெறுவது

‘ஹா தெ ப்ரா’ (நலமாக இருங்கள்), சுருக்கினால் ‘ஹாதெ’. மீண்டும் பார்ப்போம் என்பதற்கு ‘வி சேஸ்’; பேசுவோம் என்பதற்கு ‘வி ஸ்னக்கெஸ்’. தொலைபேசியை வைக்கும்போது பிந்தையது பொருந்தும். நடைப்பயணம் கிளம்புபவருக்குக் ‘கூ தூர்’, நோயாளிக்குக் ‘கூ பேத்ரிங்’, தேர்வு எழுதப் போகிறவருக்கு ‘லுக்கெ தில்’. துக்க வீட்டில் ‘கொந்தொலேரெர்’ என்று மெதுவாகச் சொல்லிக் கைகொடுத்தால் போதும்.

பண்டிகைகளுக்குக் ‘கூ யூல்’ (கிறிஸ்துமஸ்), ‘கொத் நுத்தோர்’ (புத்தாண்டு), ‘கூ போஸ்கெ’ (ஈஸ்டர்). மே 17 அன்று மட்டும் ஒரு விநோதம். 1814-இல் எய்ட்ஸ்வொல் என்ற இடத்தில் நார்வேயின் அரசியலமைப்புக் கையெழுத்தான நாள் அது. பிறந்தநாளுக்குச் சொல்லும் அதே ‘க்ராத்துலேரெர் மெ தாகென்’ என்ற வாழ்த்தை அன்று தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வார்கள். திருப்பி அதையே சொல்லுங்கள்.

பெயரும் கையும்

முதல் சந்திப்பில் கையை உறுதியாகப் பிடித்து, சுருக்கமாகக் குலுக்கி, கண்ணைப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ‘ஹெய், யெய் ஹேத்தெர் மாலா’ என்று முழுவதும் சொல்லலாம். வெறும் ‘மாலா’ என்றாலும் குறையில்லை. அவர் தன் பெயரைச் சொல்வார். ‘ஹுகெலி ஓ த்ரெஃபெ தெய்’ (சந்தித்ததில் மகிழ்ச்சி) என்று முடியுங்கள். விருந்துக்குத் தாமதமாகப் போனால் ஓரமாக உட்கார்ந்துவிடாமல், ஏற்கெனவே இருப்பவர்களிடம் ஒருவர் ஒருவராகப் போய்க் கைகொடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். எழுபது வயதுப் பாட்டியும் இதைத்தான் செய்வார்.

தமிழருக்குக் கூச்சம் தருவது ‘தூ’. மரியாதைப் பன்மை ஒன்று நார்வீஜியத்தில் இருந்தது. இப்போது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. மருத்துவர், ஆசிரியர், மேலாளர், மாமியார் எல்லோரும் ‘தூ’. எல்லோரையும் முதற்பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். அரச குடும்பத்தாரிடம் மட்டுமே வேறு மரபு. சார், மேடம், அங்கிள், ஆன்ட்டி எதுவும் கிடையாது. மரியாதை காட்ட வேண்டும் என்று தோன்றினால் நேரத்துக்குப் போங்கள். அதைத்தான் அவர்கள் மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

எங்கே சொல்லக் கூடாது

நகரத் தெருவிலோ பேருந்திலோ ரயிலிலோ அறியாதவருக்கு ‘ஹெய்’ சொல்லும் வழக்கமில்லை. அடுக்குமாடிப் படிக்கட்டில் அண்டை வீட்டாருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். காட்டுப் பாதையில் கதை தலைகீழ். ஒஸ்லோவுக்கு வடக்கே நூர்மார்க்கா காட்டில் உள்ளே போகப் போக, எதிரே வரும் ஒவ்வொருவரும் ‘ஹெய்’ என்பார்கள். அதே காட்டின் விளிம்பில், கூட்டம் மொய்க்கும் சொங்ஸ்வன் ஏரிக்கரையில், யாரும் சொல்வதில்லை. ஆள் குறையக் குறைய வணக்கம் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்திலும் வட்டாரத்திலும்

மின்னஞ்சலை, நகராட்சி அலுவலகத்துக்கே ஆனாலும், ‘ஹெய்’ என்று தொடங்கலாம். ‘ஷேரெ’ (அன்புள்ள) என்பது நெருங்கியவர்களுக்கு. முடிவில் ‘மெ வென்லி ஹில்சென்’, அதன் கீழ் பெயர். ‘க்லெம்’ (அணைப்பு) நண்பர்களுக்கு மட்டும். அதிகாரிக்கு எழுதிவிட்டால் சங்கடம்.

பாடப்புத்தகத்தின் ‘வுடன்’ ஒஸ்லோவுக்குப் பக்கத்திலேயே ‘ஒஸ்ஸென்’ ஆகிவிடும். மேற்கிலும் வடக்கிலும் கேள்விச் சொற்களின் வ போய்க் க வரும்: ‘வா’ (என்ன) அங்கே ‘கா’; ‘வுடன்’ வடக்கில் ‘கொஷென்’. ‘நான்’ என்பது மேற்கில் ‘ஏக்’, வடக்கில் ‘பேங்க்’ ஒலியின் ஒற்றை உயிர். 1980-களில் ஈழத்திலிருந்து போன தமிழர்களில் பலர் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை பார்த்து, அந்தக் ‘கா’ வழக்கைத்தான் முதலில் கற்றார்கள். எந்த வட்டாரத்தை நீங்கள் பேசினாலும் யாரும் திருத்தமாட்டார்கள். நீங்கள் காதை மட்டும் அகலத் திறந்து வைக்க வேண்டும். அதே ஃபின்மார்க்கில் கவுத்துகெய்னூ, காரஷொக் போன்ற ஊர்களில் சாமி என்ற பழங்குடி மக்களின் மொழி வாழ்கிறது. அங்கே ‘பூரெஸ்’ (வணக்கம்) என்று ஒரு சொல் சொன்னால் முகம் மலரும்.

பழகும் முறை

நாளுக்கு இரண்டு ஜோடி போதும். முதல் நாள் ‘தக் ஃபொர் மாத்தென் – வெல் பெக்கொம்மெ’, ‘ஹா என் ஃபீன் தாக் – தக், இ லீக்கெ மோத்தெ’. சொல்லை வேறொருவர் குரலில் கேட்டு, மறுமொழியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். இரண்டையும் நீங்களே சொன்னால் காது பழகாது. த்ரொந்ஹெய்மின் என்.டி.என்.யு. பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் தொடக்கநிலைப் பாடத்தில் ஒலிப்பதிவுகள் உண்டு. அவற்றை இதற்குப் பயன்படுத்தலாம். பிறகு உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து, மூன்றை மட்டும் சோதியுங்கள்: ‘தக்’கில் ட விழுந்ததா, ‘கூ’ ‘கோத்’ ஆனதா, ‘ஃபொஷிஸ்த்’ இரண்டாகப் பிரிந்ததா. கிழக்கு நார்வேயில் சாதாரண வாக்கியமும் கேள்விபோல ஏறித்தான் முடியும். அந்த ராகத்தைத் தனியாகப் படிக்க வேண்டாம். கேட்டதை அப்படியே பின்பற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

நேரில் பேசத் தொடங்கியதும் ஒரு தடை வரும். உங்கள் உச்சரிப்பைக் கேட்டவுடன் நார்வேக்காரர் உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அப்போது ‘யெய் லேரெர் நொஷ்க். கன் வி ஸ்னக்கெ நொஷ்க்?’ (நார்வீஜியம் கற்கிறேன், அதிலேயே பேசலாமா?) என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொண்டு வேகத்தையும் குறைப்பார். புரியாவிட்டால் ‘உன்ஷுல், வா சா தூ?’ (மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?) என்று நார்வீஜியத்திலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டுவிட்டால் அவர் மறுபடி ஆங்கிலத்துக்கே போய்விடுவார்.